தண்டையார்பேட்டை மாடிக்கு வரும் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று அடிக்கடி வருகிறது. இறக்கை நுனி கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். படம் எடுத்துச் செல்போன் செயலியில் போட்டால் 'மோனார்க்' என்கிறது. ஆறாவது படிக்கும் மகளுக்கு அதைப் பற்றிப் பள்ளியில் ப்ராஜெக்ட். அது மோனார்க்தானா, வட சென்னையில் வேறு எங்கே பார்க்கலாம், வீட்டில் வளர்க்க முடியுமா, அல்லது கிண்டிப் பூங்காவுக்குத்தான் போக வேண்டுமா?

கிண்டிக்குப் போக வேண்டாம். இந்தப் பூச்சி விஷயத்தில் கிண்டியைவிட உங்கள் பேட்டையே வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் பெயர்.

அது மோனார்க் இல்லை. மோனார்க் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. கனடாவிலிருந்து மெக்சிகோ மலைகள் வரை வலசை போவதால் உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழால்தானோ என்னவோ, ஆரஞ்சும் கருப்புமாக எதைக் காட்டினாலும் செயலிகள் அதன் பெயரையே சொல்கின்றன. உங்கள் மாடிக்கு வருவது அதன் பங்காளி: ஆங்கிலத்தில் பிளெயின் டைகர், தமிழில் வெந்தய வரியன். அறிவியல் பெயர் டேனஸ் கிரைசிப்பஸ், 1758இல் லின்னேயஸ் வைத்தது. மோனார்க்கின் அறிவியல் பெயரும் டேனஸ் என்றுதான் தொடங்கும். 'டைகர்' என்ற பெயருள்ள பூச்சிகளுக்கெல்லாம் தமிழில் 'வரியன்' என்று வைத்துவிட்டார்கள். ஆனால் இதன் இறக்கையில் வரி ஏதும் இல்லை! வெந்தயம் மட்டும் சரியாகப் பொருந்துகிறது. வறுத்த வெந்தயத்தின் நிறத்தை அப்படியே இறக்கையில் பார்க்கலாம்.

அடையாளம் காண ஒரு சின்ன வழி. நரம்புகளைப் பாருங்கள். மோனார்க்குக்கு இறக்கை நரம்பெல்லாம் மையால் கோடு இழுத்தது போலக் கருப்பாக இருக்கும். வெந்தய வரியனுக்கு இறக்கையின் நடுப்பகுதி சுத்தமான ஆரஞ்சு, கோடு கிடையாது. நரம்பு கருத்த ஆரஞ்சுப் பூச்சி ஒன்று நம் ஊரிலும் உண்டு, ஸ்ட்ரைப்டு டைகர் என்பார்கள். அதைப் பார்த்து மோனார்க் என்று நினைத்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் படத்தில் நரம்பு கருப்பாக இல்லை என்றால் விஷயம் முடிந்தது.

மற்ற அடையாளங்கள்: இறக்கையை விரித்தால் ஏழு எட்டு சென்டிமீட்டர், அதாவது உங்கள் மகளின் உள்ளங்கை அகலம் இருக்கும். முன்னிறக்கையின் நுனி கருப்பு, அதில் சாய்வாக வெள்ளைப் பட்டை. தலையும் மார்பும் கருப்பு, அதில் கோலப்பொடி தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். பின்னிறக்கையின் ஓரம் கருப்புக் கரை வைத்தது போல இருக்கும்.

அந்தப் பின்னிறக்கையில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதன் நடுவில் மிளகைச் சிதறவிட்டது போலக் கருப்புப் புள்ளிகள் இருக்கும். அவற்றை எண்ணுங்கள். மூன்று என்றால் பெண், நான்கு என்றால் ஆண். நான்காவது மற்றதைவிடப் பெரியது. இறக்கை மூடியிருக்கும்போது அடிப்பக்கத்தில் பார்த்தால் அந்தப் புள்ளியின் நடுவே வெள்ளையாக இருக்கும். அது வெறும் புள்ளி அல்ல, ஆணின் வாசனைப் பை. வயிற்று நுனியில் மறைத்து வைத்திருக்கும் மெல்லிய மயிர்க்கற்றைகளை அந்தப் பையில் தோய்த்து, பெண்ணின் முன்னால் விரித்துக் காட்டி மணம் பரப்பும். அந்த மணத்துக்கான சரக்கை ஆண்பூச்சி உடம்பில் பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை. காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் உட்கார்ந்து உறிஞ்சிச் சேர்க்கிறது. வாடிப்போன ஒரு செடியில் நாலைந்து வெந்தய வரியன்கள் மொய்ப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் ஆண்களாகத்தான் இருக்கும், கல்யாணத்துக்கு அத்தர் வாங்க வந்தவை.

இங்கே நானே பல வருடம் ஏமாந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். வியாசர்பாடியில் இருந்தபோது வாசலுக்கு எதிரே காலி மனை. அங்கே பார்த்த ஆரஞ்சுப் பூச்சிகளையெல்லாம் வெந்தய வரியன் என்று நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன். பிறகு பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கைந்தில் அந்த நடுப் புள்ளிகளே இல்லை. பின்னிறக்கையின் மேல் விளிம்பில் ஒரே ஒரு கருப்புத் திட்டு மட்டும். ஓரமும் நேராக இல்லாமல் லேசாக அலையலையாக வெட்டியிருந்தது. அது வேறு இனம், டனாய்டு எக்ஃபிளை என்பதன் பெண். அசல் வேஷக்காரி. ஆணைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கருப்பு இறக்கை, அதில் பெரிய வெள்ளை வட்டங்கள், வட்டத்தைச் சுற்றி நீலம் மின்னும்.

பெண் மட்டும் ஏன் வேஷம் போடுகிறது? காரணம் வெந்தய வரியனின் கசப்பு. அதன் புழு எருக்கஞ்செடியைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அதைச் செரித்துவிடாமல் உடம்பில் சேர்த்து வைக்கிறது, பட்டாம்பூச்சியான பிறகும் அது போவதில்லை. ஒருமுறை அதைக் கொத்திய பறவை வாந்தி எடுத்துவிட்டு அந்த ஆரஞ்சு நிறத்தையே மறக்காது. எக்ஃபிளை பெண்ணுக்குக் கசப்பு கிடையாது, அதே நிறத்தைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: எல்லா வெந்தய வரியனும் ஒரே அளவு கசப்பதில்லை. தின்ற செடியைப் பொறுத்துச் சிலவற்றில் நஞ்சு குறைவு. அவை தம் இனத்தாரின் பெயரைச் சொல்லியே பிழைத்துக்கொள்கின்றன.

இந்தக் கசப்புத் தைரியத்தால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் பறக்கும். இடுப்பளவு உயரத்தில், சாயங்காலம் பீச்சில் நடப்பவர் மாதிரி. விரட்டினாலும் கொஞ்ச தூரம் போய் மறுபடி உட்காரும். கையில் பிடித்தால் செத்தது போல அசையாமல் கிடக்கும், தோலும் கெட்டி. ஓர் ஆரஞ்சுப் பூச்சி உங்களைக் கண்டதும் விருட்டென்று பறந்தால், புள்ளிகளை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

சரி, எங்கே தேடுவது? என் அனுபவத்தில் பட்டாம்பூச்சியைத் தேடிப் போகிறவர்களுக்கு அரை நாள் வீண். செடியைத் தேடிப் போனால் பத்து நிமிடம். வெந்தய வரியனுக்கு அந்தச் செடி எருக்கு. வேலிப்பருத்தியிலும் முட்டையிடும், ஆனால் நம் பக்கம் எருக்குதான் தாய்வீடு.

எருக்கை நம் ஆட்கள் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது சாபம். குட்டிச்சுவர் என்றாலே பக்கத்தில் எருக்கு இருந்தாக வேண்டும். அதே செடி வெள்ளையாகப் பூத்தால் வெள்ளெருக்கு என்று பிள்ளையாருக்கு மாலை கட்டுவோம், ரதசப்தமி அன்று இலையைத் தலையில் வைத்துக் குளிப்போம், மறுநாள் வெட்டிப் போடுவோம். ஆடு மாடு அதில் வாய் வைக்காது. உப்புக் காற்று, மணல், கட்டட இடிபாடு, சிமென்ட் தூசி, மழையில்லாத எட்டு மாதம் எதற்கும் அசராது. காய் வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் போய் எங்கே மண் கிடைத்தாலும் இறங்கும். இப்போது வட சென்னையை மனதில் ஓட்டிப் பாருங்கள். ரயில் பாதை ஓரம், யார்டு, பழைய மில் மதில், கன்டெய்னர் நிறுத்தும் வெளி, கால்வாய்க் கரை, வழக்கில் கிடக்கும் மனை. எருக்குக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? அதனால்தான் கிண்டியைவிட உங்கள் பேட்டை வசதி என்றேன். பராமரித்து வெட்டிவிடும் பூங்காவைவிடக் கவனிப்பாரற்ற இடம்தான் இதற்கு நல்லது.

தண்டையார்பேட்டையிலிருந்து எனக்குத் தோன்றும் நல்ல வழி கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். ஜன்னலோரம் உட்காருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் வரை சாம்பல் பச்சையில் தடித்த இலையும் ஊதாப் பூவுமாக எங்கெங்கே எருக்கு நிற்கிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். வண்டியில் இருந்தே ஆரஞ்சுப் பூச்சி தென்படும். ஆனால் தண்டவாளத்தில் இறங்கித் தேடாதீர்கள். பிளாட்பாரத்தின் கடைசி முனையில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே போதும். ராயபுரம் நிலையமும் இப்படித்தான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் என்று போய்ப் பார்ப்பவர்கள் கட்டடத் தூண்களைப் படம் எடுப்பார்கள், நான் மதில் ஓரத்தை எடுப்பேன்.

எண்ணூர்ப் பக்கம் போனால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தருகே மணல்மேடுகளைப் பாருங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசையாக வரும், குழந்தையோடு அதன் ஓரத்தில் நின்று படம் எடுக்கும் வேலை வேண்டாம். மணலி, கொடுங்கையூர்ப் பக்கமும் எருக்கு உண்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் போகலாம். மாதவரம் தாவரவியல் பூங்கா வேறு கணக்கு. அங்கே பூக்கள் அதிகம், தேன் குடிக்க வரும் பல இனங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். குடும்பத்தோடு போக அதுதான் சௌகரியம். ஆனால் முட்டை, புழு பார்க்க வேண்டுமென்றால் காலி மனைதான்.

வருடம் முழுக்க இதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து எருக்கு புதுத் துளிர் விடும் மார்கழி, தை மாதங்கள் எனக்குப் பிடித்தவை. வெயில் ஏறிய எட்டரை மணியிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். பூச்சி எருக்கம்பூவிலேயே உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பூவுக்கு முக்கிய விருந்தாளி பெரிய கருவண்டு. வரியன் தேன் குடிப்பது பக்கத்தில் தரையோடு பூக்கும் வெட்டுக்காயப் பூண்டிலும் உண்ணிச்செடியிலும்தான்.

செடிக்கு வந்துவிட்டீர்கள், இனி என்ன? பெண் பூச்சி வந்தால் அசையாமல் நில்லுங்கள். இலை மேல் இறங்கி முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும், அது காலால் ருசி பார்ப்பது. திருப்தி என்றால் இலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்று நுனியை அடிப்பக்கம் வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும். உடனே அடுத்த செடிக்குப் போகும். அது போனதும் இலையை மெதுவாகத் திருப்புங்கள். ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, மேல்நோக்கிக் கூம்பியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலிருந்து கீழே வரிவரியாகத் தெரியும்.

மூன்று நாளில் புழு வெளியே வரும். முதல் சாப்பாடு முட்டை ஓடு. அப்புறம் அது செய்யும் காரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். இலையில் சின்ன வட்டம் போட்டுக் கடித்து, பால் அந்த வட்டத்துக்குள் வராமல் துண்டித்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தின்னும். எனவே எருக்கிலையின் நடுவில் பொத்தான் அளவு வட்ட ஓட்டை தெரிந்தால் சின்னப் புழு அங்கே இருக்கிறது. ஓரத்திலிருந்து தாறுமாறாகக் கடித்திருந்தால் அது வேறு ஆள். மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்தது போல ஒரு வெட்டுக்கிளி எருக்கில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், அதன் வேலை. இலைக்காம்பிலும் மொட்டிலும் மஞ்சளாக மணல் ஒட்டியது போலத் தெரிந்தால் அசுவினி. இரண்டும் பட்டாம்பூச்சிக்குச் சம்பந்தமில்லாதவை.

வளர்ந்த புழுவை யாராலும் தவறவிட முடியாது. கருப்பு, வெள்ளை வளையங்கள், இடையிடையே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்பு மாதிரியான இழைகள். கம்பளிப்பூச்சி என்று பயந்து மிதித்துவிடுகிறார்கள். இதற்கு அரிக்கும் மயிர் கிடையாது, தொட்டால் ஒன்றும் செய்யாது.

தொடக்கூடாதது எருக்கம்பால். சின்ன வயதில் மொட்டுகளை விரலால் அழுத்திப் 'பட்' என்று வெடிக்க வைத்து விளையாடிவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்தேன். இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. அது கருவிழியையே புண்ணாக்கும். இலை பறிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், பறித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே கண் டாக்டரிடம் போங்கள், வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வளர்க்க முடியுமா என்றால், தாராளமாக. முட்டையோ சின்னப் புழுவோ இருக்கும் இலையைக் காம்போடு எடுத்து வாருங்கள். ஒன்றிரண்டு போதும். வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பா, அடியில் காகிதம், மேலே கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். தினமும் புது இலை போட்டு எச்சத்தைக் கொட்டிவிடுங்கள், ஈரம் தங்கினால் புழு நோயில் செத்துப்போகும். மருந்து அடித்த செடியின் இலை கூடாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் விரல் நீளம் வளர்ந்து, மேல் துணியில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆகும். பச்சை இலையில் தொங்கினால் பச்சையாகவும், மற்ற இடத்தில் வெளிர் ரோஜா நிறமாகவும் இருக்கும். பொன் புள்ளிகள் வரிசையாக மின்னும். சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈ வெளியே வரும். புழுவாக இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ அதில் குடியேறிவிட்டது என்று அர்த்தம். மகள் அழுதால் அதையும் ப்ராஜெக்டில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்துக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

ஒன்பது பத்து நாளில் கூட்டின் தோல் வழியே ஆரஞ்சு நிறம் தெரியும். மறுநாள் காலை வெளியே வந்துவிடும். இறக்கை காய்ந்து விரைப்பாக ஓரிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை தொடாதீர்கள். பிறகு மாடியில் விட்டுவிடலாம். எக்ஃபிளையை மட்டும் பிடிக்கவோ அடைக்கவோ வேண்டாம், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற இனம்.

ஆசிரியை கேட்டால் சொல்ல இரண்டு செய்திகள். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி இது இல்லை, 2019இல் அறிவித்தது தமிழ் மறவனை. அதுவும் ஆரஞ்சுதான், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், தண்டையார்பேட்டைக்கு வர மாட்டான். அடுத்து, எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் கி.மு. 1350 வாக்கில் தீட்டிய வேட்டைக் காட்சி ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாணல் மேல் பறக்கும் பட்டாம்பூச்சிகள் அதில் உண்டு. உங்கள் மாடிக்கு வருவதேதான்.

போன வருடம் என் வீட்டு எதிரே இருந்த மனையை ஜேசிபி வைத்து இரண்டு மணி நேரத்தில் வழித்துவிட்டார்கள். கேட்டதற்கு 'சுத்தம் பண்றோம் சார்' என்றார்கள். ஒரு எருக்கங்கன்றைத் தொட்டியில் காப்பாற்றி மாடியில் வைத்தேன், வீட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது. வெள்ளெருக்கு என்று பொய் சொல்லிச் சமாளித்தேன். பூத்தபோது குட்டு உடைந்தது, அதற்குள் மூன்று புழு வந்துவிட்டதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மாடியிலும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மணலும் மண்ணும் கலந்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள், கைக்குழந்தை தவழும் இடத்தில் வைக்காதீர்கள்.

ப்ராஜெக்ட் நோட்டில் பூச்சியைப் பிடித்து ஒட்டத் தேவையில்லை. பூச்சி வெளியேறிய பிறகு கூட்டின் வெறும் தோல் துணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், வெங்காயச் சருகு போல மெல்லியது. கத்தரிக்கோலால் துணியோடு சேர்த்து வெட்டி, தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். விரலால் எடுத்தால் நொறுங்கிவிடும்.